கமராவுக்குப் பின்னால் ஐந்து பேர்

உதயகலா டீச்சருக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் பிடித்த அந்தரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் விடவில்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை. குசினிக்கும் கிணற்றடிக்கும் கைபேசியும் கையுமாக நடந்துகொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நிமிடப் பாடத்தில் ஒரேயொரு இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"என்னப்பா, சோறு கருகி மணக்குது, உமக்கு மூக்கும் அடைச்சுப்போச்சோ?" என்று கோபிசங்கர் விறாந்தையிலிருந்து கத்தினான். புருஷன்காரன் கத்தியதும் அவள் காதில் ஏறவில்லை. அவள் காதுக்குள் வேறொரு குரல் இருந்தது.

விசயம் இதுதான். கல்வி வலயத்தின் கணித ஆலோசகர் மக்டலீன் மிஸ் இந்த வருடம் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு கணித ஆசிரியரும் தன் வகுப்பில் ஒரு பாடத்தைக் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டு வரவேண்டும். வெள்ளிக்கிழமை சாவகச்சேரி ஆசிரியர் நிலையத்தில் எல்லோருமாக இருந்து அதைப் பார்த்துக் கதைக்க வேண்டும். "உங்களை நீங்களே பாக்கிறதுக்குத்தான். பிழை பிடிக்கிறதுக்கில்லை," என்று மிஸ் முதல் கூட்டத்திலேயே சொன்னார். ஒருவராவது நம்பினார்களா என்றால், இல்லை. எங்கள் ஊரில் யாராவது "பிழை பிடிக்கிறதுக்கில்லை" என்று சொன்னால் நாங்கள் முதலில் சாறியை இழுத்துவிட்டுக்கொள்வோம்.

அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. மிஸ் மார்கழியில் ஓய்வுபெறுகிறார். அந்த ஆலோசகர் பதவிக்கு யாரைச் சிபாரிசு செய்வது என்பதை இந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார் என்று ஒரு கதை அடிபட்டது. உதயகலா ஆறு வருடமாக அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பதினேழு வருடப் படிப்பித்தலில் ஒரு நாள்கூடப் பிந்திப் போகாதவள், கரும்பலகையில் கோடு இழுத்தால் அடிமட்டம் வைத்ததுபோல இருக்கும் என்று பேரெடுத்தவள். அந்த இடம் தனக்கு வரத்தான் வேண்டும் என்று அவள் நினைத்ததில் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே அவள் செய்ததும் எல்லோரும் செய்வதைத்தான். படம்பிடிக்க இருந்த பாடத்தைத் திங்கட்கிழமை எட்டாம் வகுப்புக்கு ஒருமுறை நடத்தி ஒத்திகை பார்த்தாள். திசைகொண்ட எண்கள். பூச்சியத்துக்குக் கீழே இருக்கிற எண்ணைச் 'சய' என்று சொல்லிப் படிப்பிக்கிற பாடம். குறையைக் குறிக்கிற எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சய ஐந்துடன் சய மூன்றைக் கூட்டினால் சய எட்டு. யார் கை உயர்த்துவது, யார் எழும்பி வந்து எழுதுவது, எல்லாம் பேசி முடிந்தது.

வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். அதில் ஐந்து பேர் சரிவராது என்று அவளுக்குத் தெரியும். சோதனையில் இருபது புள்ளியைத் தாண்டாத ஐந்து பேர். ஒத்திகை நடக்கும்போது அவர்களை வாசிகசாலைக்கு அனுப்பிப் புத்தகங்களைத் தூசி தட்ட விட்டாள். செவ்வாய்க்கிழமை படம்பிடிக்கிற நேரம் அப்படி அனுப்பவும் மனம் வரவில்லை. பின் சுவரோடு இருந்த அலுமாரிக்கு மேலே புத்தகங்களை அடுக்கி அதில் கைபேசியைச் சாய்த்து வைத்தாள். அலுமாரியோடு ஒட்டினாற்போல, கமராவின் கண்ணுக்கு எட்டாத மூலையில், ஒரு வாங்கைப் போட்டு ஐந்து பேரையும் இருத்தினாள்.

"பிள்ளையள், பாடம் முடியுமட்டும் நீங்கள் ஐஞ்சு பேரும் வாய் திறக்கப்படாது. சத்தம் போட்டா வீடியோ பழுதாப்போயிடும், டீச்சரின்ரை பேரும் கெட்டுப்போயிடும். விளங்கினதோ?"

"ஓம் டீச்சர்."

கமராவின் கண்ணைத்தான் அவள் யோசித்தாள். காதை யோசிக்கவில்லை. வகுப்பிலேயே கைபேசிக்கு மிகக் கிட்ட இருந்தவர்கள் அந்த ஐந்து பேரும்தான்.

வீட்டுக்கு வந்து இயர்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தபோது முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. சாறி நன்றாக விழுந்திருந்தது. எழுத்து நேராக இருந்தது. இருபத்திரண்டாவது நிமிடம், ஒத்திகை பார்த்த கணக்கு வந்தது. வீடியோவில் உதயகலா கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினாள். எழுதும்போது கூட்டல் அடையாளத்தின் நெடுங்கோட்டைப் போடவில்லை. பதற்றத்தில் விட்டுவிட, கூட்டல் கழித்தலாகிப்போனது. பிறகு திரும்பி, பலகையில் இருந்ததையே அழகாக வாசித்தாள்: "சய ஐந்திலை இருந்து சய மூண்டைக் கழிச்சால்?"

இருபத்தொன்பது பிள்ளைகளும் கை உயர்த்தினார்கள். எழுப்பப்பட வேண்டிய பிள்ளை எழும்பியது. "சய எட்டு, டீச்சர்!"

"சரியோ பிள்ளையள்?"

அந்த இடத்தில்தான், வகுப்பு வாய் திறப்பதற்கு முன்னால், அவளுடைய காதுக்குள்ளேயே வாயை வைத்துச் சொன்னதுபோல ஒரு கிசுகிசுப்பு கேட்டது. அனுஜாவின் குரல். ஐந்து பேரில் ஒருத்தி, காதுக்குப் பின்னால் எப்போதும் பென்சில் செருகியிருக்கிற பிள்ளை.

"அது பிழையடா. ஐஞ்சு குறை இருக்குது, அதிலை மூண்டு குறையை எடுத்துப்போட்டா ரெண்டு குறைதானே மிச்சம்?"

பக்கத்தில் இருந்த ஜெரிசனின் குரல்: "அப்ப எழும்பிச் சொல்லன்."

அனுஜா ஏதோ பதில் சொன்னாள். அது கேட்கவில்லை. "ஓஓம் டீச்ச்சர்" என்று இருபத்தொன்பது தொண்டைகள் ஒரேயடியாக அதை மூடிவிட்டன. வீடியோவில் உதயகலா சிரித்துக்கொண்டே சய எட்டுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தாள்.

கடவுளே! வீடியோவை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் திரும்பவும் போட்டாள். பிள்ளை பிழையைக் கண்டுபிடித்ததால் மட்டுமில்லை. ஒத்திகைக்கு வந்த இருபத்தொன்பது பேரும் கணக்கைப் பார்க்கவில்லை, திங்கட்கிழமை சொன்ன விடையையே சொன்னார்கள். ஒத்திகைக்கு வராத ஒருத்தி மட்டும் பலகையைப் பார்த்தாள். பூச்சியத்துக்குக் கீழே எப்படிக் கழிப்பது என்று பதினேழு வருடமாக எண்கோடு கீறி, அம்புக்குறி போட்டு, மண்டையை உடைத்துப் படிப்பித்ததை அந்தப் பிள்ளை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது.

அந்தக் கடைசிப் பதில் என்ன? அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. சத்தத்தைக் கூட்டினாள். குறைத்தாள். கிணற்றடியில் நின்று கேட்டாள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். 'டீச்சர்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. டீச்சருக்கு ஒன்றும் தெரியாது என்றாளா? டீச்சர் என்னைக் கணக்கில் எடுக்கமாட்டா என்றாளா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன்னைப்பற்றி என்னதான் சொல்லியிருக்கும் என்று யோசிக்க யோசிக்க முகம் சுட்டது.

கோபிசங்கர் கடைசியில் கைபேசியை வாங்கிப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், இந்த மாதிரிக் கருவிகளோடு பழக்கம்.

"உதுக்கே இந்த ஆர்ப்பாட்டம்? அந்தத் துண்டை வெட்டி எறிஞ்சா முடிஞ்சுது. ஒரு நிமிசம் குறைஞ்சா மக்டலீன் மிஸ் என்ன மணிக்கூடு பிடிச்சுக்கொண்டோ இருக்கப்போறா?"

பத்து நிமிடத்தில் வெட்டி ஒட்டியும் தந்தான். வெட்டின இடமே தெரியவில்லை. நல்ல வேலைக்காரன்தான். அவள் அதை ஒருமுறை பார்த்தாள். அதில் அவள் பிழையே விடாத டீச்சராக இருந்தாள். "இப்ப சந்தோசமோ?" என்று அவன் கேட்டான். "ஓம்," என்றாள். சொன்னபிறகுதான் அது வகுப்புப் பிள்ளைகள் சொல்கிற ஓம் என்று அவளுக்கே பட்டது.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. அனுஜாவை முன் வாங்கில் இருத்திப் புதிதாக ஒரு வீடியோ எடுத்தால் என்ன? தான் வேண்டுமென்றே ஒரு பிழை விட, பிள்ளை எழும்பித் திருத்த, பார்க்கிறவர்கள் கைதட்ட மாட்டார்களா? பிள்ளைக்கும் நியாயம், தனக்கும் பேர். ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கிற இந்தப் புத்தி எங்கிருந்து வருமோ தெரியாது, ஆனால் வந்தால் மனிசரை விடாது.

கைபேசியை அதே அலுமாரிக்கு மேலே வைத்தாள். அனுஜாவைக் கூப்பிட்டு முன்னுக்கு, கமரா நன்றாகப் பார்க்கிற இடத்தில், இருத்தினாள். பிள்ளை புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வந்து இருந்தது. உதயகலா பலகையில் சய ஏழிலிருந்து சய நாலைக் கழித்து, விடை சய பதினொன்று என்று பெரிதாக எழுதினாள்.

"சரியோ பிள்ளையள்?"

"ஓம் டீச்சர்!"

அவள் அனுஜாவைப் பார்த்தாள். அனுஜாவின் வாயும் மற்றவர்களோடு சேர்ந்தே அசைந்தது. பிள்ளை பலகையைப் பார்த்தது, பிறகு கழுத்தைத் திருப்பி அலுமாரிக்கு மேலே கைபேசியைப் பார்த்தது, பிறகு குனிந்துகொண்டது.

"வடிவாப் பாருங்கோ. சரியோ?"

"ஓஓம் டீச்சர்!" இரண்டாம் தரம் இன்னும் பலமாக வந்தது. அவள் எதிர்பார்ப்பது அதுதான் என்று பிள்ளைகள் நினைத்திருக்கவேண்டும். உதயகலா பலகையை அழித்தாள். ஒரு பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அதையும் கூட்டத்தோடு சேர்த்துவிட்டாளே! தன்மேல் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை இடைவேளைக்குத் தண்ணீர்த் தாங்கியடியில் அனுஜாவைப் பிடித்தாள்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை ஜெரிசனுக்கு என்ன சொன்னனி?"

பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் கதைக்கேல்லை டீச்சர்."

"கதைச்சனி. நான் ஏசமாட்டன். என்ன சொன்னனி எண்டு மட்டும் சொல்லு."

"சத்தியமா ஒண்டும் கதைக்கேல்லை டீச்சர்." கண் கலங்கிவிட்டது. "ஜெரிசன்தான் கதைச்சவன்."

இதற்கு மேல் கேட்டால் பிள்ளை அழும். "சரி, போய்த் தண்ணியைக் குடி," என்று விட்டுவிட்டாள். பிள்ளை தண்ணீர் குடிக்காமலே ஓடியது.

வெள்ளிக்கிழமை காலை ஆசிரியர் நிலையத்தின் மண்டபத்தில் இருபத்திரண்டு கணித ஆசிரியர்கள் இருந்தார்கள். முன்னால் வெள்ளைத் திரை, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கி. உதயகலாவின் கைப்பைக்குள் ஒரு பென்டிரைவ், அதற்குள் இரண்டு வீடியோ. ஒன்று முழுசு, மற்றது கோபிசங்கர் வெட்டினது. எதைப் போடுவது என்று மூன்று நாளாக யோசித்தும் முடிவில்லை. முழுசைப் போட்டால் பதவி அம்போ. இருபத்திரண்டு பேருக்கு முன்னால் எட்டாம் வகுப்புக் கணக்கில் பிழை விட்டவளை யார் மற்றவர்களுக்குப் படிப்பிக்க அனுப்புவார்கள்? வெட்டினதைப் போட்டால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தப் பென்டிரைவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

பக்கத்துக் கதிரையில் றொபின் சேர். பழைய மிசன் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், பகிடிக்குப் பேர்போனவர். "என்ன டீச்சர், கதிரையிலை எறும்போ?" என்று கேட்டார். அவள் சிரிக்கவில்லை.

முதலில் றொபின் சேரின் பாடம்தான் ஓடியது. அருமையான பாடம். கேள்வி கேட்க முதலே கைகள் உயர்ந்தன. "விளங்கினதோ?" என்று அவர் கேட்க, "ஓம் சேர்!" என்று மண்டபமே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். உதயகலாவும் தட்டினாள். ஆனால் அவள் கண் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, பின் வாங்குகளைப் பார்த்தது. அங்கே இரண்டு வாங்கு வெறுமையாகக் கிடந்தன. பதினேழு வருடம் படிப்பித்தவளுக்கு வெறும் வாங்கு தெரியாதா? 'ஓம் சேர்' என்ற அந்தச் சத்தம் கேட்டதும் புதன்கிழமை அனுஜாவின் வாய் அசைந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"அடுத்தது உதயகலா டீச்சர்," என்றார் மக்டலீன் மிஸ்.

எழும்பி நடந்தாள். பென்டிரைவைச் செருகினாள். திரையில் இரண்டு வீடியோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு முழுசைத் தொட்டுவிட்டு வந்து இருந்தாள்.

இருபத்திரண்டாவது நிமிடம் வந்தது. திரையில் அவள் நெடுங்கோட்டை விட்டாள். பிள்ளை எழும்பிச் சய எட்டு என்றது. இருபத்திரண்டு கணித ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பிழையைக் காணவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர் ஆமோதித்துத் தலையாட்டக்கூடச் செய்தார்கள். தப்பிவிட்டோமா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

அடுத்த கணம் இரண்டு ஒலிபெருக்கியிலிருந்தும் அனுஜா சொன்னாள்: "அது பிழையடா."

மண்டபம் நிமிர்ந்தது. ஐந்து குறையில் மூன்று குறையை எடுத்தால் இரண்டு குறை மிச்சம் என்று அந்தச் சின்னக் குரல் ஆளுயரமாகச் சொன்னது. "அப்ப எழும்பிச் சொல்லன்," என்றான் ஜெரிசன். பிறகு, மூன்று நாளாகக் கைபேசியில் பிடிபடாத அந்தப் பதில், வகுப்பின் 'ஓம் டீச்சர்' சத்தத்துக்கு அடியால், அந்தப் பெரிய பெட்டிகளில் தெளிவாக வந்தது.

"வேண்டாமடா. சொன்னா டீச்சரின்ரை பேர் கெட்டுப்போயிடும். பாவம் டீச்சர்."

மிஸ் வீடியோவை நிறுத்தினார்.

"அந்தப் பிள்ளை எங்கை? படத்திலை காணேல்லையே?"

உதயகலா எழும்பினாள். "கமராவுக்குப் பின்னாலை, மிஸ். நான்தான் இருத்தினனான். கெட்டிக்காரர் இல்லையெண்டு ஐஞ்சு பேரைப் பின்னாலை இருத்திப்போட்டு, வாய் திறக்கப்படாது, என்ரை பேர் கெட்டுப்போயிடுமெண்டு சொன்னனான். அந்த ஒண்டை மட்டும் அது வடிவா விளங்கிக்கொண்டிட்டுது." இருபத்திரண்டு பேருக்கு முன்னால் அழுதாள். அழுகிறோமே என்ற வெட்கமும் வரவில்லை.

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது. றொபின் சேர் எழும்பினார். பகிடி விடப்போகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"இந்த டீச்சர் எண்டாலும் பிள்ளையளை வகுப்புக்குள்ளை இருத்தினவா," என்றார். "நான் ஏழு பேரை அண்டைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வர வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்."

சொல்லிவிட்டு இருந்துகொண்டார். சற்று முன்னர் கைதட்டின ஒருவரும் இப்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் தங்கள் பென்டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தது ஆர்?" என்று மிஸ் கேட்டார். ஒருவரும் எழும்பவில்லை. மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வாருங்கோ. ஒத்திகை வேண்டாம். வகுப்பிலை எத்தினை பேரோ அத்தினை பேரும் வேணும்." வாசலில் உதயகலாவைக் கடந்து போகும்போது, "கணக்குப் பிழையை நான் சிபாரிசுக் கடிதத்திலை மறைக்கேலாது, உதயகலா," என்று மட்டும் மெல்லச் சொன்னார். "ஓம் மிஸ்," என்றாள் அவள். ஆறு வருடம் பார்த்துக்கொண்டிருந்த கதிரை. நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம், லீவு போட்டுத்தான் வந்திருந்தாள். போகவில்லை. கொடிகாமம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். கடைசிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வகுப்பில் இருந்த தமிழ் டீச்சரிடம் பத்து நிமிடம் இரந்து வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே நுழைந்தாள். அனுஜா பழையபடி பின் வாங்கில், காதில் பென்சிலோடு இருந்தாள்.

"பிள்ளையள், செவ்வாய்க்கிழமை நான் எழுதினது பிழை. எனக்குத் தெரியேல்லை. உங்களிலை ஒருத்திக்குத் தெரிஞ்சிருந்தது." அனுஜா வாங்கோடு வாங்காகக் குனிந்தாள். உதயகலா வெண்கட்டியை எடுத்து அந்தக் கணக்கை மறுபடி எழுதினாள். சய ஐந்திலிருந்து சய மூன்றைக் கழித்தால். கை இன்னும் பஸ்ஸின் ஓட்டத்திலேயே இருந்தது. விடையை எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்துத் திரும்பினாள்.

"இப்ப சரியோ?"

"ஓம் டீச்சர்!"

பின் வாங்கில் ஒரு தலை மெல்ல நிமிர்ந்தது. அனுஜா பலகையைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி அலுமாரிக்கு மேலே பார்த்தாள். அங்கே புத்தக அடுக்கு மட்டும் இருந்தது.

"டீச்சர், இண்டைக்கு வீடியோ இல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

அனுஜா எழும்பினாள். ஜெரிசன் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்தான், அவள் தட்டிவிட்டாள்.

"அப்ப, அதுவும் பிழை டீச்சர். ரெண்டுக்கு முன்னாலை சயக் குறியை விட்டிட்டீங்கள்."